செகண்ட்ஸ் லேப்டாப்ல கன்ட்ரோல்-பி (P) அழுத்துனா வேற ஒரு ஸ்கிரீன் வந்து பாஸ்வேர்டு கேக்குது, இது யாரு வெச்ச பாஸ்வேர்டு?

மாடிவீட்டு மணி:

மக்களே வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. ரெண்டு வாரம் முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கினேன், ஏதோ கம்பெனில சில வருஷம் ஓட்டிட்டு மொத்தமா தள்ளி விட்ட லாட்ல வந்தது, ஐ5 எட்டாவது ஜெனரேஷன், கீபோர்டு ஓரத்துல வி-ப்ரோன்னு ஸ்டிக்கர். கம்பெனி பேருன்னு நெனச்சுட்டேன், சிரிக்காதீங்க, அது இன்டெல்லோட ஏதோ ஐட்டமாம். வாங்கினதும் பழைய எஸ்எஸ்டியைக் கழட்டிட்டு புதுசு போட்டு லினக்ஸ் மின்ட் ஏத்தினேன், சரி இனி சுத்தமான மெஷின்னு நிம்மதியா இருந்தேன். நான் சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்கிற ஆளு, நாப்பது பேரோட பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்டு எல்லாம் என்கிட்டதான் கெடக்கு, அதனால இந்த விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

முந்தாநேத்து பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணணும்னு கண்டபடி கீயெல்லாம் அழுத்திட்டு இருந்தேன், கன்ட்ரோலும் பி-யும் சேர்ந்து விழுந்துருச்சு போல, பயாஸும் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற செட்டிங் புரோகிராம்) இல்லாம வேற ஒரு ஸ்கிரீன், மேல மேனேஜ்மென்ட் எஞ்சின் பயாஸ் எக்ஸ்டென்ஷன்னு எழுதியிருக்கு, லாகின் கேக்குது. நெட்ல தேடினா கம்பெனில இருந்து வரும்போது பாஸ்வேர்டு அட்மின்னுதான் இருக்கும்னு போட்டிருந்தாங்க. அடிச்சுப் பார்த்தேன், ஏத்துக்கல. அப்ப எனக்கு முன்னாடி யாரோ மாத்தி வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? கடைக்காரர்ட்ட கேட்டா "அதெல்லாம் எதுக்கு சார் நோண்டுறீங்க, விண்டோஸ் நல்லா ஓடுதுல்ல"ங்கறாரு. நான் விண்டோஸே போடலன்னு அவர்ட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

அதுக்கப்புறம் ராத்திரி பூரா படிச்சு மண்டை காஞ்சு போச்சு. சிப்புக்குள்ள இன்னொரு குட்டி கம்ப்யூட்டர் ஓடுதாம், அதுக்குன்னு தனி ஓஎஸ்ஸாம், ஷட்டவுன் பண்ணாலும் முழிச்சிட்டே இருக்குமாம், ஃபார்மேட் பண்ணாலும் போகாதாம். இதுல எது நெஜம் எது யூடியூப் கதை? அந்த பாஸ்வேர்டு வெச்சிருக்கிறவன் என் மெஷினுக்குள்ள வர முடியுமா? லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துடலாமா, இல்ல ஏதாவது பண்ணி வெச்சுக்கலாமா? வீட்ல வேற "அந்தப் பொட்டிய வாங்கினதுல இருந்து நீங்க தூங்கவே இல்ல"ன்னு பேச்சு.


நைட்ஷிப்ட் நாதன்:

மணி சார், பதட்டப்பட வேண்டாம், ஆனா அட்மின் ஏத்துக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் லேசுல விடாதீங்க. நீங்க படிச்சதுல ரெண்டு விஷயம் கலந்து போயிருக்கு. மேனேஜ்மென்ட் எஞ்சின்ங்கிறது 2008 வாக்குல இருந்து இன்டெல் சிப்செட் எல்லாத்துலயும் இருக்கு, என் பையனோட மலிவு லேப்டாப்லயும் இருக்கு. அதுக்குள்ள ஓடுற ஒரு வசதிதான் ஏஎம்டி, ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி, அது வி-ப்ரோ ஒட்டின கம்பெனி மாடல்லதான் முழுசா இருக்கும் (ஏஎம்டின்னதும் அந்த இன்னொரு சிப் கம்பெனின்னு நெனச்சுக்காதீங்க, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா வந்து உயிரை எடுக்கும், அதனால நான் இதை ரிமோட் வசதின்னே சொல்றேன்). எஞ்சின்ங்கிறது அபார்ட்மென்ட் வாசல்ல இருக்கிற வாட்ச்மேன் ரூம், எல்லா பில்டிங்லயும் உண்டு. ரிமோட் வசதிங்கிறது அந்த ரூமுக்குள்ள வெளியில இருந்து போட்ட டெலிபோன் லைன். உங்க பில்டிங்ல லைன் இருக்கு, அந்தப் பக்கம் யாரு ரிசீவரைப் புடிச்சிருக்கான்னு தெரியணும், அவ்ளோதான்.

நான் இதை வெச்சுதான் பொழப்பு ஓட்டுறேன், அதனால திட்டவும் மனசு வரல. ராத்திரி 2 மணிக்கு வேற ஊர் பிராஞ்ச்ல ஒரு மெஷின் தொங்கிடுச்சுன்னா இங்க உக்காந்தபடியே அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பயாஸுக்குள்ளயே போய் செட்டிங் மாத்தி நம்ம ஐஎஸ்ஓ ஃபைல்ல இருந்து பூட் பண்ண வெச்சுடுவேன், அங்க ஓஎஸ்ஸே செத்துக் கெடந்தாலும் சரி. அந்த சுகம் இருக்கே! ஆனா எனக்கு சுகம்னா பாஸ்வேர்டு கையில இருக்கிற எவனுக்கும் அதே சுகம்தான். உங்க லினக்ஸ் ஃபயர்வால் இதைப் பார்க்கவே பார்க்காது, ஏன்னா 16992-ங்கிற போர்ட்டுக்கு வர்ற பாக்கெட்டை நெட்வொர்க் சிப்பே புடிச்சு எஞ்சின் பக்கம் தள்ளிவிட்டுடும், ஓஎஸ் வரைக்கும் வராது.

ரெண்டு பழைய கதை, தெரிஞ்சு வெச்சுக்கங்க. 2017 மே மாசம் இதுல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, ஓட்டைகளுக்குக் குடுக்கிற நம்பர்படி சிவிஇ-2017-5689. எம்பெடிங்கிற கம்பெனில இருந்த மாக்சிம் மல்யூட்டின்ங்கிறவரு கண்டுபுடிச்சது. பாஸ்வேர்டு சரிதானான்னு ஒப்பிட்டுப் பார்க்கிற இடத்துல, வந்த பதில் எத்தனை எழுத்தோ அத்தனை எழுத்து மட்டும் பார்த்தா போதும்னு எழுதி வெச்சிருக்காங்க. அப்ப ஒண்ணுமே எழுதாம காலியா அனுப்பினா? பூஜ்யம் எழுத்தும் பூஜ்யம் எழுத்தும் பொருந்திப் போச்சு, உள்ள வாங்கன்னு கதவைத் தொறந்து விட்டுருச்சு. 6-வது வெர்ஷன்ல இருந்து 11.6 வரைக்கும் இந்தக் கூத்து, அதாவது 2010-ல இருந்து ஏழு வருஷம் வித்த மெஷின். உங்களோடது எட்டாவது ஜெனரேஷன், அதுக்கப்புறம் வந்தது, அதனால இந்த ஓட்டை உங்களுக்கு இல்ல. அடுத்தது 2018 ஜனவரில எஃப்-செக்யூர் கம்பெனி ஹாரி சின்டோனன் காட்டினது. பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் கன்ட்ரோல்-பி அழுத்தி அட்மின்னு அடிச்சு உள்ள போய், பாஸ்வேர்டை மாத்தி, நெட்வொர்க்ல திறந்து விட்டு, ஓனர்ட்ட பர்மிஷன் கேக்க வேணாம்னு ஒரு டிக் போட்டுட்டா முடிஞ்சுது. அரை நிமிஷம் போதும், நீங்க ஹோட்டல் ரூம்ல லேப்டாப்பை வெச்சுட்டு கீழ போய் டிபன் சாப்ட்டு வர்றதுக்குள்ள ஆயிடும்.

உங்க கேஸ்ல பெரும்பாலும் பழைய கம்பெனி ஐடி ஆளு வெச்ச பாஸ்வேர்டாதான் இருக்கும், லாட்டை விக்கும்போது துடைச்சு விட சோம்பேறித்தனம். நானே ஒரு எடத்துல வேலை பார்த்தப்போ இருநூறு மெஷினை அப்படியே வித்தோம், ஹார்டுடிஸ்க்கை மட்டும் டிரில் போட்டு ஓட்டையாக்கி சர்ட்டிஃபிகேட் வாங்கி ஃபைல்ல வெச்சோம், இந்த ரிமோட் கான்ஃபிகரேஷனை ஒருத்தரும் நெனச்சுக்கூடப் பார்க்கல, நானும்தான்.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. லேப்டாப்பை லேன் ஒயர்ல ரவுட்டரோட இணைங்க, வைஃபை வேணாம். ஃபோன் அதே ரவுட்டர்ல இருக்கணும். ஃபோன் பிரவுசர்ல லேப்டாப்போட ஐபி போட்டு கோலன் 16992 அடிங்க. அதே லேப்டாப்ல இருந்து அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் வரலன்னு சொல்லாதீங்க, உள்ள இருந்து தட்டினா அந்தக் கதவு திறக்காது. அப்புறம் சார்ஜர் மாட்டினபடியே ஷட்டவுன் பண்ணிட்டு இன்னொரு தடவை அடிங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.


மைனஸ் மூணு:

நாதன் அண்ணன் வேலை செய்ற வசதியைப் பத்தி சொல்லிட்டாரு, எனக்குப் பிரச்சனையே அந்த வாட்ச்மேன் ரூம்தான். டெலிபோன் லைனைக் கட் பண்ணிட்டா வாட்ச்மேன் போயிடுவானா?

எஞ்சின் ஃபர்ம்வேர், அதாவது சிப்புலயே எழுதி வெச்சிருக்கிற சாஃப்ட்வேர், பயாஸ் இருக்கிற அதே ஃபிளாஷ் சிப்புலதான் உக்காந்திருக்கு, எஸ்எஸ்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால மணி சார் நீங்க நூறு தடவை ஃபார்மேட் பண்ணாலும் அது பாட்டுக்கு இருக்கும். ஓடுறது மெயின் பிராசஸர்ல இல்ல, சிப்செட்டுக்குள்ள தனியா இருக்கிற ஒரு சின்ன பிராசஸர்ல. முன்னாடி ஏஆர்சின்னு ஒரு வகை, 2015 ஸ்கைலேக்ல இருந்து குவார்க்னு இன்டெல்லோட குட்டி எக்ஸ்86. ஓஎஸ் என்னன்னு பார்த்தா மினிக்ஸ் 3! காலேஜ்ல ஓஎஸ் பாடத்துல வருமே, டேனன்பாம் புரொஃபசர் பாடம் நடத்தறதுக்காக ஆரம்பிச்ச அந்த மினிக்ஸோட வாரிசு. 2017 நவம்பர்ல அவரு இன்டெல்லுக்கு ஒரு திறந்த லெட்டர் எழுதினாரு, முன்னாடி உங்க ஆளுங்க நிறைய சந்தேகம் கேட்டாங்க, அதுக்கேத்த மாதிரி சில மாத்தமும் பண்ணிக் குடுத்தோம், ஆனா இத்தனை கம்ப்யூட்டர்ல போடப் போறீங்கன்னு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ங்கிற மாதிரி. லைசன்ஸ்படி சொல்லணும்னு கட்டாயம் இல்ல. எழுதினவருக்கே பேப்பர் பார்த்துதான் தெரியுதுன்னா காசு குடுத்து வாங்கின நமக்கு எங்க தெரியப் போகுது.

சரி அழிச்சுடலாம்னு நெனச்சா அதுக்கும் வழி விடல. ஃபர்ம்வேர்ல இன்டெல் கையெழுத்து இருக்கணும், நெஹலேம்ங்கிற இன்டெல் சிப் காலத்துல இருந்து அது இல்லாம பூட் பண்ணா கரெக்டா 30 நிமிஷத்துல மெஷின் தானா ஆஃப் ஆயிடும். அதுக்கு முன்னாடி இருந்த 2008 மாடல் திங்க்பேட் எக்ஸ்200 லேப்டாப் மாதிரி ஐட்டத்துலதான் முழுசா அழிக்க முடியும், லிப்ரேபூட்னு ஓப்பன் சோர்ஸ் பயாஸ் பண்ற ஆளுங்க இன்னும் அதைக் கட்டிப் புடிச்சுட்டு இருக்கிறதுக்கு அதான் காரணம். அப்புறம் நிக்கோலா கோர்னா எம்இ (மேனேஜ்மென்ட் எஞ்சின்) கிளீனர்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாரு, மெஷின் எழுந்திரிக்கத் தேவையான கொஞ்சத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை நறுக்கிடும், அஞ்சு எம்பி கிட்ட இருந்தது சில நூறு கேபிக்கு சுருங்கிடும்.

இதுல செம்ம காமெடி 2017 ஆகஸ்ட்ல. பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் ஆளுங்க எர்மோலோவும் கோர்யாச்சியும் ஃபர்ம்வேரைப் பிரிச்சு மேஞ்சப்போ ஹெச்ஏபின்னு ஒரு பிட் இருக்கிறதைப் பார்த்தாங்க, அதை 1 ஆக்கினா எஞ்சின் ஆரம்ப வேலையை முடிச்சுட்டு அப்படியே நின்னுடுது. விரிவாக்கம் ஹை அஷ்யூரன்ஸ் பிளாட்ஃபார்ம், அமெரிக்காவோட என்எஸ்ஏ சம்பந்தப்பட்ட ப்ரோகிராம். அந்த ப்ரோகிராமுக்காக கம்ப்யூட்டர் கம்பெனிங்க கேட்டதால வெச்சோம்னு இன்டெல்லே ஒத்துக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க, ஊரையே ஒட்டுக் கேக்குற வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு மட்டும் ஆஃப் சுவிட்ச் கேட்டு வாங்கியிருக்கான். நமக்கு அந்த சுவிட்ச் மெனுல கூட கெடையாது.

நான் என் பழைய லேப்டாப்ல பண்ணியிருக்கேன். எட்டு கால் சிப்பு ஒண்ணு, சுண்டுவிரல் நகத்தை விட சின்னது, அது மேல கிளிப் மாட்டி சிஹெச்341 புரோகிராமர்ல மொதல்ல ரெண்டு தடவை படிச்சு ரெண்டும் ஒண்ணாதான் இருக்கான்னு பார்த்துட்டுதான் எழுதணும். நான் ஒரே தடவை படிச்சேன், கிளிப்பு லேசா நழுவியிருந்திருக்கு, பேக்கப்பே குப்பை. அந்த கறுப்பு போர்டு வேற 3.3 வோல்ட் போக வேண்டிய லைன்ல 5 வோல்ட் விடுற வகை, அதுவும் அப்புறம்தான் தெரிஞ்சுது. மூணு நாள் செங்கல்லா கெடந்துச்சு, இன்னொரு ஆளு தன் சிப்புல இருந்து படிச்ச ஃபைலை வாங்கி என் மேக் அட்ரஸை (நெட்வொர்க் அடையாள நம்பர்) ஒட்ட வெச்சு உயிர் குடுத்தேன். இருந்தாலும் மணி சாருக்கும் இதைத்தான் சொல்வேன், பண்ணுங்க, படிச்சுட்டு பண்ணுங்க.


எம்பெடட் எழில்:

மணி அண்ணா தயவு செஞ்சு பண்ணாதீங்க. நாப்பது பேரோட கணக்கு இருக்கிற மெஷின்ல கிளிப் மாட்டி கத்துக்கக் கூடாது.

மைனஸ் மூணு சொன்ன தகவல் எதுவும் தப்பில்ல, ஆனா அதுல இருந்து எங்க போய் நிக்கிறார்ங்கிறதுதான் எனக்கு ஒத்து வரல. நான் ஃபர்ம்வேர் எழுதுற வேலைல இருக்கேன். இந்த எஞ்சினுக்குள்ள வேணும்னே வெச்ச பின்வாசல்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்துக் காட்டல, எர்மோலோவ் டீம் உள்ள பூந்து கோடு ஓட்டி டீபக் வரைக்கும் திறந்து பார்த்தவங்க, அவங்க கண்டுபுடிச்சதெல்லாம் ஓட்டைகள், அதாவது என்னை மாதிரி ஒருத்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்துல எழுதின பஃபர் ஓவர்ஃபுளோ (ஒதுக்கின எடத்துக்கு மேல டேட்டா வழியுறது) வகை. 2017 நவம்பர்ல எஸ்ஏ-00086-ன்னு இன்டெல் அறிவிச்ச ஓட்டை அப்படித்தான், டிசம்பர்ல லண்டன்ல பிளாக்ஹேட்ங்கிற ஹேக்கர் மாநாட்டுல அதைத்தான் காட்டினாங்க, ஆஃப் ஆன கம்ப்யூட்டரை ஹேக் பண்றது எப்படின்னு தலைப்பு வெச்சு. ஆனா அதைப் பயன்படுத்த ஃபிளாஷ்ல எழுதற அளவுக்கு மெஷின் கையில கெடைக்கணும். கையெட்டும் தூரத்துல வந்தவன் வேற ஆயிரம் வேலை பண்ணலாம்.

நிஜமா திருடனுங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. பிளாட்டினம்னு ஒரு கூட்டம், தெற்காசியா தென்கிழக்காசியால அரசாங்க ஆபீஸ்களைக் குறி வெச்சவங்க. 2017 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் எழுதுச்சு, அவங்க இந்த ரிமோட் வசதில இருக்கிற சீரியல் ஓவர் லேன்ங்கிற வழியில ஃபைலை அனுப்பிட்டு இருந்தாங்கன்னு. ஓட்டை எதுவும் உடைக்கல, இருக்கிற வசதியை அப்படியே உபயோகிச்சுக்கிட்டாங்க, ஓஎஸ்ல இருக்கிற ஃபயர்வால் எதுவும் அதைப் பார்க்காதுல்ல, அதான். அப்புறம் 2022-ல கான்டி ரான்சம்வேர் கும்பலோட சாட் வெளிய கசிஞ்சப்போ அவங்களும் இந்த எஞ்சினை நோண்டிட்டு இருந்தது தெரிஞ்சுது. அதனால ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல வரல. எனக்குக் கோவம் எதுலன்னா, நான் எழுதின கோடுல தப்பு இருந்தா நாலு பேர் சோர்ஸைப் பார்த்து சொல்லுவாங்க, இதுல சோர்ஸும் கெடையாது, ஆஃப் பண்ணவும் முடியாது, பேட்ச் வேணும்னா இன்டெல் எழுதி அதை லேப்டாப் கம்பெனி பயாஸ் அப்டேட்டா தரணும், அஞ்சு வருஷம் ஆன மாடல்னா அந்தக் கம்பெனி கண்டுக்காது. உளவாளி இருக்கானோ இல்லையோ, பூட்டின ரூம்ல ஒழுகுற குழாயை யாரு சரி பண்றதுங்கிறதுதான் கேள்வி.

இன்னொண்ணு, இதை யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கிற பாதுகாப்பு வசதி) வேணும்னு 2021-ல எல்லாரும் பயாஸ்ல போய் பிடிடின்னு ஒண்ணை ஆன் பண்ணோமே, அந்த பிடிடி ஓடுறதே இந்த எஞ்சினுக்குள்ளதான். தனி டிபிஎம் சிப் இல்லாத மெஷின்ல பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) சாவியைக் காவல் காக்கிறதும் இவன்தான். தெரியாம ஹெச்ஏபி பிட்டைத் தட்டினீங்கன்னா அடுத்த பூட்ல ரிகவரி கீ கேக்கும், கீ எழுதி வெக்கலன்னா டேட்டாவுக்குப் பால் ஊத்திட வேண்டியதுதான். மணி அண்ணா லினக்ஸ்ங்கிறதால தப்பிச்சாரு, இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன்.

செகண்ட்ஸ் மெஷின்னா இன்னொரு இடமும் பாருங்க. பயாஸ்ல செக்யூரிட்டி மெனுவுக்குள்ள கம்ப்யூட்ரேஸ் இல்லன்னா அப்சொல்யூட்னு இருக்கும், திருட்டுப் போன லேப்டாப்பைக் கண்டுபுடிக்கிற சர்வீஸ், விண்டோஸைப் புதுசா போட்டாலும் பயாஸ்ல இருந்து திரும்ப ஏறிக்கும். பழைய கம்பெனி அதை ஆன்ல விட்டிருந்தா அவங்க லிஸ்ட்ல உங்க மெஷின் இன்னும் இருக்கும். 2018-ல இசெட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி கண்டுபுடிச்ச லோஜாக்ஸ் வைரஸ் இந்த சாஃப்ட்வேரோட பாணியைத்தான் காப்பியடிச்சுது, யூஇஎஃப்ஐ-க்குள்ள (புது வகை பயாஸ்) குடியேறி வெளிய நிஜமா நடமாடி மாட்டினதுல அதுதான் மொதல் ஆளு.


மாடிவீட்டு மணி:

நாதன் சார்!! வந்துருச்சு!!

லேன் ஒயர் மாட்டி ஃபோன்ல அந்த 16992 அடிச்சேன், வெள்ளைப் பக்கம், இன்டெல் பேரு, கீழ லாக் ஆன்னு ஒரு பட்டன். அது கூட பரவால்ல. ஷட்டவுன் பண்ணேன், ஸ்கிரீன் கறுப்பு, ஃபேன் நின்னுருச்சு, பவர் லைட்டும் அணைஞ்சுது, ஆனா லேன் போர்ட்ல அந்த குட்டி ஆரஞ்சு லைட்டு மட்டும் மினுக் மினுக்னு அடிச்சுட்டே இருக்கு. ஃபோன்ல ரிஃப்ரெஷ் பண்ணா அதே பக்கம் திரும்ப வருது. செத்த வீட்ல ஃபோன் பண்ணா யாரோ எடுத்து ஹலோ சொல்ற மாதிரி இருந்துச்சு. சார்ஜரைப் புடுங்கினதும் லைட்டு போயிடுச்சு, பக்கமும் வரல.

பாஸ்வேர்டு தெரியாம இதை எப்படி அணைக்கிறது? எழில் மேடம் சொன்ன அப்சொல்யூட்டைப் பார்த்தேன், அது டிசேபிள்னு இருக்கு, கலர் மங்கலா இருக்கு, மாத்த விடல.


நைட்ஷிப்ட் நாதன்:

பார்த்தீங்களா, அதான். பதறாதீங்க, உங்க வீட்டு ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கிறதால வெளி ஆளு நேரா வந்து அந்த லாக் ஆன் பட்டனை அழுத்த முடியாது, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் போடலதானே? ஆனா லாட்ஜ், ஆஸ்பத்திரி, கிளையன்ட் ஆபீஸ்னு பொது லேன்ல மாட்டினா பக்கத்து சீட்காரன் கூட இந்தப் பக்கத்தைப் பார்ப்பான்.

பயாஸுக்குள்ள போய் கான்ஃபிக் மெனுல இன்டெல் ஏஎம்டின்னு (AMT, அந்த ரிமோட் வசதிதான்) தேடுங்க, அதுக்குள்ள ரீசெட் இல்லன்னா அன்கான்ஃபிகர்னு ஒரு லைன் இருக்கும், யெஸ் குடுத்து சேவ் பண்ணுங்க, அடுத்த பூட்ல எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்கும், ஒய் அழுத்துங்க. சில மாடல்ல அந்த லைன் இல்லன்னா காயின் பேட்டரியைக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டா அட்மினுக்குத் திரும்பும், எல்லாத்துலயும் இல்ல. அப்புறம் கன்ட்ரோல்-பி, அட்மின், புதுசா பாஸ்வேர்டு வெக்கச் சொல்லும், பெரிய எழுத்து சின்ன எழுத்து நம்பர் குறி எல்லாம் கேக்கும், வெச்சு பேப்பர்ல எழுதி பீரோல வெச்சுடுங்க. உள்ள நெட்வொர்க் ஆக்சஸ் ஆஃப். கடைசியா பயாஸ்ல அந்த வசதியையே டிசேபிள். பாஸ்வேர்டு மாத்தாம டிசேபிள் மட்டும் பண்ணாதீங்க, நாளைக்கு ஒருத்தன் திரும்ப எனேபிள் பண்ணி அட்மின் போட்டா வந்த கதைதான்.


கோவை குட்டி:

குறுக்க பூந்து கேக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, அப்ப ஏஎம்டி ரைசன் (சிப் கம்பெனி!) வாங்கிட்டா இந்த ரோதனையே இல்லீங்ளா? போன மாசம்தான் தங்கச்சிக்கு வாங்கிக் குடுத்தேன், எங்க இன்டெல்னா இந்தப் பிரச்சனைன்னு ஒரு பந்தா விட்டு வெச்சிருக்கேன்.


எம்பெடட் எழில்:

பந்தாவைக் கொறைச்சுக்கங்க குட்டி அண்ணா. அங்கயும் 2013-ல இருந்து பிஎஸ்பின்னு (பிளாட்ஃபார்ம் செக்யூரிட்டி பிராசஸர்) ஒண்ணு உண்டு, ஏஆர்எம் கார்டெக்ஸ் கோர் ஒண்ணு அதே சிப்புலயே உக்காந்திருக்கும். ரைசன்லயோ மெமரியைத் தட்டி எழுப்புறதே அந்த கோர்தான், அதுக்கப்புறம்தான் மெயின் பிராசஸர் கண்ணு முழிக்கும், அதனால அதைக் கழட்டி எறியிற பேச்சுக்கே இடமில்ல. அதுலயும் ஓட்டை வந்துச்சு, கூகிள்ல இருந்த சிஃபிர் கோஹன் அதோட டிபிஎம் பகுதில ஒரு ஸ்டாக் ஓவர்ஃபுளோ புடிச்சு 2018 ஆரம்பத்துல வெளியிட்டாரு. அடுத்த ரெண்டே மாசத்துல சிடிஎஸ் லேப்ஸ்னு ஒரு கம்பெனி ரைசன்ஃபால், மாஸ்டர்கீன்னு பேரெல்லாம் வெச்சு ஏஎம்டிக்கு 24 மணி நேரம்தான் டைம் குடுத்து ஊரைக் கூட்டுச்சு, அந்த முறை அசிங்கம்னு நிறைய பேர் திட்டினாங்க, ஆனா ஓட்டை உண்மைன்னு கம்பெனி ஒத்துக்கிச்சு. உங்க தங்கச்சி மெஷின்ல பயாஸ் அப்டேட் போட்டு விடுங்க, அது போதும்.


மைனஸ் மூணு:

அதுக்குத்தான் ரிஸ்க்-ஃபைவ்னு (யாரு வேணா பிராசஸர் பண்ணலாம்னு திறந்து விட்ட விதிமுறை) நாங்க கத்திட்டு இருக்கோம். நம்ம ஐஐடி மெட்ராஸ்லயே காமகோடி சார் டீம் சக்தின்னு ஓப்பன் சோர்ஸ் பிராசஸர் பண்ணியிருக்காங்க, டிசைனையே எறக்கிப் பார்க்கலாம்.


எம்பெடட் எழில்:

பார்க்கலாம், எனக்கும் பெருமைதான். ஆனா 2018-ல லினக்ஸ் பூட் பண்ணிக் காட்டின அந்த மொதல் சக்தி சிப்பை அடிச்சுக் குடுத்தது யாரு தெரியுமா, அமெரிக்கால ஓரிகன்ல இருக்கிற இன்டெல் ஃபேப் (சிப் பேக்டரி), 22 நானோமீட்டர். அதே வருஷம் சண்டிகர்ல நம்ம அரசாங்க சிப் பேக்டரி எஸ்சிஎல்-லயும் ஒண்ணு அடிச்சாங்க, அது 180 நானோமீட்டர். பேப்பர்ல இருக்கிற டிசைனும் கைக்கு வர்ற சிப்பும் ஒண்ணுதான்னு நான் நம்பணும்னா அடுப்பும் நம்மூட்டு அடுப்பா இருக்கணும். மணி அண்ணாவுக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ண லேப்டாப் வேணும், அவர்ட்ட போய் சக்தின்னா அவரு குலசாமி கோயில்னு நெனச்சுப்பாரு.


மைனஸ் மூணு:

சரி அது ஒத்துக்கறேன். ஆனா என் எக்ஸ்200-ஐ நான் குடுக்க மாட்டேன்.


மாடிவீட்டு மணி:

எல்லாருக்கும் நன்றி, முடிஞ்சுது. பயாஸ்ல அன்கான்ஃபிகர் லைன் இருந்துச்சு, ஒய் அழுத்தினேன், மெஷின் ரெண்டு தடவை தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு, அந்த நேரம் எனக்கு வேர்த்துருச்சு. அப்புறம் கன்ட்ரோல்-பில அட்மின் ஏத்துக்கிச்சு. உள்ள போய்ப் பார்த்தா ஹோஸ்ட் நேம்ங்கிற எடத்துல பழைய பேரு எதுவும் இல்ல, எல்லாம் காலி. புது பாஸ்வேர்டு வெச்சேன், பீரோல ரேஷன் கார்டு கூட வெச்சிருக்கேன். பயாஸ் அப்டேட்டும் போட்டேன், ரெண்டு வருஷம் பின்தங்கி இருந்துச்சு. இப்ப ஷட்டவுன் பண்ணா அந்த ஆரஞ்சு லைட்டு வரல, 16992 அடிச்சா ஃபோன் சுத்திட்டே இருந்துட்டு கனெக்ட் ஆகலங்குது. எழில் மேடம் சொன்னதுக்காக கிளிப்பெல்லாம் தொடல, வாட்ச்மேன் ரூம் இருக்கட்டும், ஒயரை அறுத்தாச்சு.

இன்னிக்கு கடைக்கு ஃபோன் பண்ணி அந்த லாட்ல மிச்சம் எத்தனை இருக்குன்னு கேட்டேன். பதினோரு மெஷின் இருக்காம், அதுல நாலு ஏதோ டியூஷன் சென்டருக்குப் போகுதாம். விஷயத்தைச் சொன்னேன், மொதல்ல "சார் சும்மா பயமுறுத்தாதீங்க"ன்னாரு, அப்புறம் ஷட்டவுன் பண்ணின மெஷின்ல பக்கம் வர்ற வீடியோவை அனுப்பினதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, "சார் நாளைக்கு இந்தப் பக்கம் வருவீங்களா, டீ வாங்கித் தர்றேன்"ங்கறாரு. போறேன். ஆனா அதுல பாதி வேற கம்பெனி மாடல், கன்ட்ரோல்-பி அழுத்தினா ஒண்ணும் வரலயாம். அதுக்கு எந்த கீ?


நைட்ஷிப்ட் நாதன்:

ஆன் பண்ணதும் எஃப்12 தட்டிட்டே இருங்க, பூட் மெனு வரும், அதுல கீழ எம்இபிஎக்ஸ்னு (அந்த மேனேஜ்மென்ட் எஞ்சின் பயாஸ் எக்ஸ்டென்ஷனோட சுருக்கம்) ஒரு லைன் இருந்தா அதுக்குள்ளதான். அதுவும் இல்லன்னா மாடல் நம்பரை இங்க போடுங்க, நைட்டு ஷிப்ட்ல பார்த்து சொல்றேன். போகும்போது ஒரு லேன் ஒயர் கொண்டு போங்க.